தலை கொடுக்கப் புறப்பட்டவன்

2020 பிப்ரவரியில் ஏ24 என்ற அமெரிக்கப் பட நிறுவனம் ஒரு சிறிய முன்னோட்டத்தை வெளியிட்டது. அரியணையில் ஓர் இளைஞன் அமர்ந்திருக்கிறான். தலையில் மகுடம் வந்து இறங்குகிறது. சற்று நேரத்தில் அந்தத் தலையே தீப்பற்றி எரிகிறது. டேவிட் லோவரி எழுதி இயக்கி, தேவ் படேல் நாயகனாக நடித்த ‘தி கிரீன் நைட்’ படத்துக்கான காத்திருப்பு இந்தக் காட்சியோடு சூடு பிடித்தது. மார்ச் மாதம் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் முதல் திரையிடல், மே 29 அன்று திரையரங்குகளில் வெளியீடு என்று நாள் குறித்திருந்தார்கள். கொரோனாவால் விழா ரத்தானது. படம் அமெரிக்கத் திரைகளுக்கு வர 2021 ஜூலை 30 ஆயிற்று. இடைப்பட்ட பதினான்கு மாதங்களும் இந்தப் படத்தைப் பற்றி உலகெங்கும் ஒரு சிறு கூட்டம் விடாமல் பேசிக்கொண்டே இருந்தது. யோசித்துப் பார்த்தால் இது விசித்திரம். படத்தின் மூலக்கதை அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. இங்கிலாந்தின் கல்லூரிகளில் பாடமாக இருப்பது. நாயகன் பிழைப்பானா மாட்டானா என்பது அந்தக் கவிதையைப் படித்த எவருக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதைக்காக இத்தனை பேர் எதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்?

கதையை முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஆர்தர் மன்னரின் கேமலாட் அரண்மனையில் புத்தாண்டு விருந்து. உணவுக்குக் கைவைக்கும் முன் ஏதாவது அதிசயம் நடக்க வேண்டும் என்பது மன்னரின் வழக்கம். உடல், தலைமுடி, ஏறி வந்த குதிரை என எல்லாமே பச்சையாக ஒரு பேருருவ வீரன் சபைக்குள் நுழைகிறான். ஒரு கையில் ஹாலி மரக்கிளை, மறுகையில் கோடரி. யாராவது என்னை ஒரே ஒரு வெட்டு வெட்டலாம், ஓராண்டும் ஒரு நாளும் கழித்து அவர் என்னிடம் வந்து அதே வெட்டை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சவால் விடுகிறான். மன்னரின் சகோதரி மகன் கவெய்ன் எழுந்து, ஒரே வீச்சில் அவன் தலையைத் துண்டிக்கிறான். உருண்ட தலையைப் பச்சை வீரன் தன் கையாலேயே எடுத்துக்கொள்கிறான். அந்தத் தலை கண் திறந்து, சொன்ன நாளில் பச்சைக் கோயிலுக்கு வந்து சேர் என்று நினைவூட்டுகிறது. ஆண்டு முடியும் தறுவாயில் கவெய்ன் குளிரில் தனியே புறப்படுகிறான். வழியில் ஒரு கோட்டையில் தங்குகிறான். கோட்டைத் தலைவன் மூன்று நாள் வேட்டைக்குப் போகிறான். அன்றன்று கிடைப்பதை இருவரும் மாலையில் மாற்றிக்கொள்வது என்று ஒப்பந்தம். தலைவனின் மனைவி மூன்று நாளும் கவெய்னின் படுக்கையறைக்கு வந்து அவனைச் சோதிக்கிறாள். அவள் தந்த முத்தங்களை அவன் மாலையில் தலைவனிடம் நேர்மையாகத் திருப்பித் தந்துவிடுகிறான். ஆனால் உயிரைக் காக்கும் என்று சொல்லி அவள் கொடுத்த பச்சை இடைக்கச்சையை மட்டும் மறைத்துவிடுகிறான். பச்சைக் கோயிலில் கோடரி மூன்று முறை ஓங்கப்படுகிறது. முதல் இரண்டும் மேலே படவில்லை. மூன்றாவது கழுத்தில் ஒரு கீறல் போடுகிறது. அந்தக் கீறல் கச்சையை ஒளித்ததற்கான தண்டனை. கோட்டைத் தலைவனும் பச்சை வீரனும் ஒருவரேதான். இந்த விளையாட்டை ஏற்பாடு செய்தவள், அதே கோட்டையில் கிழவியாக வீற்றிருந்த மந்திரக்காரி மார்கன். கவெய்ன் வெட்கிக் குன்றி ஊர் திரும்புகிறான். அவன் சொன்னதைக் கேட்டு அரசவை சிரிக்கிறது. எல்லோரும் பச்சைப் பட்டி ஒன்றைத் தோளில் அணிந்துகொண்டு அதைப் பெருமையின் சின்னமாக்கிவிடுகிறார்கள்.

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் வடமேற்கு மத்தியப் பகுதி வழக்கில் 2,530 வரிகளில் இதை எழுதியவரின் பெயர் யாருக்கும் தெரியாது. ‘பெர்ல்’ உட்பட வேறு மூன்று கவிதைகளோடு ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில் இது தப்பியிருக்கிறது. அந்தப் பிரதி இருந்த காட்டன் நூலகம் 1731இல் தீப்பிடித்தபோதும் அது பிழைத்துக்கொண்டது. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1839இல்தான் முதன்முறையாக அச்சேறியது. 1925இல் அறிஞர்களான டோல்கீனும் கார்டனும் பதிப்பித்த பிறகே கல்லூரி மாணவர் கைகளுக்குப் பரவலாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் கதையின் மையமான தலைவெட்டு விளையாட்டு இந்தக் கவிஞரின் சொந்தக் கற்பனை அல்ல. அயர்லாந்தின் பழங்கதையான ‘பிரிக்ரியுவின் விருந்’தில் கூ குலின் என்ற வீரன் இதே சவாலை ஏற்கிறான். பிரெஞ்சு ஆர்தர் கதைகளில் கராடாக் என்பவனுக்கும் இதுவே நேர்கிறது. ஆக, இந்தக் கவிதையை முதலில் கேட்ட சபையிலும் வெட்டுண்ட தலை பேசும் என்பதை முன்பே அறிந்த சிலராவது இருந்திருப்பார்கள். என்ன நடக்கும் என்பதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை. தெரிந்த கதையை இந்தக் கவிஞர் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார், எதில் அழுத்தம் வைக்கிறார் என்பதற்காகவே காது கொடுத்திருப்பார்கள். ‘தி கிரீன் நைட்’ படத்துக்காகக் காத்திருந்தவர்களின் ஆவலும் அந்த வகைதான் என்பது என் வாதம். அது விளம்பரம் கிளப்பிவிட்ட பரபரப்போடு சேர்த்து எண்ணத்தக்கது அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. காத்திருப்பதே இந்தக் கதையின் பொருள். வெட்டுக்கும் மறுவெட்டுக்கும் நடுவே ஓராண்டு கிடக்கிறது. கவிஞர் அதை ஒரு வரியில் தாண்டிவிடவில்லை. நோன்புக் காலத்தின் மீனும் எளிய உணவும், மழை இறங்கும் வசந்தம், கோடை, கதிரை முற்றவைக்கும் அறுவடைக் காலம், மீண்டும் குளிர் என்று பருவங்களை ஒவ்வொன்றாகக் கடக்கவிட்டுத்தான் கவெய்னைப் புறப்பட வைக்கிறார். சாவுக்கு நாள் குறிக்கப்பட்டவனுக்கு வசந்தம் எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பதை வாசகர் உணர்ந்தாக வேண்டும். லோவரி இந்த இடத்தை அற்புதமாகப் படித்திருக்கிறார். படத்தில் அந்த ஓராண்டு ஒரு பொம்மலாட்டமாகக் கழிகிறது. சக்கரம் சுழன்று பருவங்கள் மாற, கவெய்ன் பொம்மையின் தலை துண்டிக்கப்படுவதைக் குழந்தைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். நிஜக் கவெய்ன் குடித்துத் திரிகிறான். அவனை உட்கார வைத்து ஓவியம் வரைகிறார்கள். அவன் செயல் நிறைவேறும் முன்பே அவனைப் பற்றிய கதை ஊரில் ஓடத் தொடங்கிவிட்டது. ஊரே அவன் தலை விழும் நாளுக்குக் காத்திருக்கிறது. வருமுன்னே பெருமை பேசப்பட்டவன் அந்தப் பெருமைக்குத் தகுதியானவனாக ஆக முடியுமா என்பதே படம் எழுப்பும் கேள்வி. அந்தக் கேள்வி மூலக்கவிதையிலும் இருக்கிறது. கோட்டையில் தலைவனின் மனைவி, நீங்கள் உண்மையிலேயே அந்தப் புகழ்பெற்ற கவெய்ன்தானா என்று அவனைச் சீண்டுவது அதன் பொருட்டே.

இப்படிப்பட்ட கதைக்குக் கலைப்படம்தான் பொருத்தமான வடிவம் என்று சொல்லும்போது, கலைப்படக்காரர்கள் மக்களின் பழங்கதைகளைப் பறித்துத் தங்கள் மேட்டிமைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற எதிர்ப்பு எழும். ஆர்தர் கதை என்றால் வாள், குதிரை, போர், காதல். அதைப் புதிராக்குவானேன் என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தாலும் இந்தக் கவிதைக்கு அது பொருந்தவில்லை. கவெய்ன் வழியில் நாகங்களோடும் ஓநாய்களோடும் காட்டு மனிதர்களோடும் அரக்கர்களோடும் மோதுகிறான். கவிஞர் அத்தனையையும் ஒரு சில வரிகளில் சொல்லி முடித்து, அவற்றைவிடக் குளிர்தான் கொடியது என்று உறைந்த மழையில் இரும்புக் கவசத்தோடு தூங்கும் மனிதனிடம் நம்மைக் கூட்டிப் போகிறார். படுக்கையறை உரையாடல்களுக்கோ பக்கம் பக்கமாக இடம் கொடுக்கிறார். சண்டைப் படத்துக்கு வேண்டியதைக் கவிதை ஒதுக்கிவிட்டது. தயக்கம், அச்சம், நாகரிகமான பேச்சுக்குள் ஒளிந்த ஆபத்து ஆகியவற்றை அது வைத்துக்கொண்டது. ஸ்டீபன் வீக்ஸ் என்ற இயக்குநர் 1973இலும், ஷான் கானரியைப் பச்சை வீரனாக்கி 1984இலும் இதே கதையை வீரசாகசமாக இருமுறை எடுத்துப் பார்த்தார். இரண்டும் நினைவில் நிற்கவில்லை. பெரிய பணத்தைக் கொட்டினாலும் ஆர்தர் கதை தானாக மக்களை இழுத்துவிடாது என்பதற்குக் கை ரிச்சி 2017இல் எடுத்த ‘கிங் ஆர்தர்’ சாட்சி. சுமார் 17.5 கோடி டாலர் செலவான அந்தப் படம் உலகெங்கும் சேர்த்து 15 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை.

மறுபக்கம், குறைந்த வசதியில் எடுக்கப்பட்ட இரண்டு பிரெஞ்சுப் படங்கள் அரை நூற்றாண்டாக விடாமல் பேசப்படுகின்றன. ராபர்ட் ப்ரெஸ்ஸன் 1974இல் எடுத்த ‘லான்சலோ து லாக்’கில் தொழில்முறை நடிகர்கள் இல்லை. வீரர்களின் போட்டிக் காட்சியில் பெரும்பாலும் குதிரைகளின் கால்களும் ஈட்டி மோதும் சத்தமும்தான். கவச இரும்பு உரசும் ஒலியைக் கேட்டுக்கொண்டே இருக்கும்போது, வீரமரபு என்பது மனிதனை அடைத்துவைத்த தகரம் என்று நமக்குப் பட்டுவிடுகிறது. எரிக் ரோமர் 1978இல் ‘பெர்ஸ்வால்’ கதையை ஒரு ஸ்டூடியோவுக்குள்ளேயே, உலோகத்தில் செய்தது போன்ற மரங்களும் வர்ணம் தீட்டிய கோட்டைகளுமாக எடுத்தார். பாத்திரங்கள் தங்களைப் பற்றித் தாங்களே படர்க்கையில் சொல்லிக்கொள்கிறார்கள். பாடகர் குழு ஒன்று கதையை நகர்த்துகிறது. இடைக்கால ஓவியங்களில் மனிதனும் மாளிகையும் ஒரே உயரம் இருப்பதைப் போன்ற உலகம் அது. இந்த இருவரும் பழங்கதையை இன்றைய நம்பகத்தன்மைக்குள் இழுத்து வரவில்லை. அதன் அந்நியத்தை அப்படியே விட்டுவைத்தார்கள். லோவரி அயர்லாந்தின் ஈரமான காடுகளிலும் கற்கோட்டைகளிலும் படமெடுத்தபோது இந்த வழியைத்தான் பிடித்தார். படத்தில் மன்னரின் பெயர் ஆர்தர் என்று யாரும் ஒருமுறைகூடச் சொல்வதில்லை. பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை அது. ஒருவகை மரியாதையும்கூட.

அடுத்த எதிர்ப்பு மூலத்தில் ஊறியவர்களுடையது. கவிதையின் கவெய்ன் பண்பின் சிகரம். கேடயத்தில் ஐந்துமுனை விண்மீன், உட்புறம் அன்னை மரியாவின் உருவம். படத்தில் அவனோ இன்னும் வீரப்பட்டம் பெறாத, விலைமாதர் விடுதியில் விழித்தெழும் இளைஞன். சரிதா சௌத்ரி நடித்த அவன் தாயே மந்திரம் செய்து பச்சை வீரனை வரவழைக்கிறாள். வழியில் வேல்ஸ் நாட்டுப் புனிதை வினிஃப்ரெட் வந்து, குளத்தில் கிடக்கும் தன் தலையை எடுத்துத் தரச் சொல்கிறாள். நரி ஒன்று கூடவே நடந்து ஒருகட்டத்தில் பேசுகிறது. இது தழுவலா, வேறு கதையா? ஆனால் அந்தப் பெயரறியாக் கவிஞரும் இதைத்தானே செய்தார்? ஐரிஷ் கதையையும் பிரெஞ்சுக் கதையையும் எடுத்து, படுக்கையறைச் சோதனையையும் வேட்டைப் பரிமாற்றத்தையும் தலைவெட்டோடு பிணைத்தார். மாற்றுவதால் ஒரு பழங்கதை கெடுவதில்லை, பொருளில்லாமல் மாற்றினால்தான் கெடும். லோவரியின் மாற்றங்களில் பெரும்பாலானவை பொருளுள்ளவை. வினிஃப்ரெட் தலை வெட்டப்பட்டு மீண்டும் உயிர்பெற்றதாகச் சொல்லப்படும் புனிதை. கவெய்ன் வட வேல்ஸைக் கடந்தே போகிறான் என்பது கவிதையிலேயே இருக்கிறது. ஆகவே அவள் அந்த வழியில் நிற்பது இயல்பு. பச்சைக் கச்சையைப் படத்தில் முதலில் அவன் இடையில் கட்டி அனுப்புவது தாய். வழிப்பறிக்காரர்கள் அதைப் பறிக்கிறார்கள். பிறகு கோட்டையின் சீமாட்டி அதேபோன்ற ஒன்றைத் தருகிறாள். பாதுகாப்பு என்ற பெயரில் வீட்டிலிருந்தே அவனுக்கு அச்சம் ஊட்டப்பட்டது என்று இதைப் படிக்கலாம். வழிப்பறிக்காரர்கள் அவனைக் கட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு கேமரா மெல்ல ஒரு முழு வட்டம் சுற்றுகிறது. சுற்றி முடிந்ததும் அவன் கிடந்த இடத்தில் எலும்புக்கூடு. எதிர்த்திசையில் திரும்பி வரும்போது மீண்டும் உயிரோடு இருக்கிறான். ஓராண்டுத் தவணை என்ற கதையின் கருவை ஒரு சொல்கூட இல்லாமல் ஒரே அசைவில் சொல்லும் இடம் அது. ஆந்த்ரூ ட்ராஸ் பலெர்மோவின் ஒளிப்பதிவு படம் முழுக்கவே சிறப்பு. இந்த ஒரு காட்சிக்காகவே நான் படத்தை எவருக்கும் பரிந்துரைப்பேன்.

தேவ் படேல் லண்டனில் குஜராத்தி வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆர்தரின் மருமகனாக அவரா என்று சிலர் முணுமுணுத்தார்கள். வரலாற்றுக்கு உண்மையாக இருக்க வேண்டாமா என்பது கேள்வி. பச்சை மனிதன் தன் தலையைக் கையில் ஏந்திக் குதிரை ஏறும் கதையில் எந்த வரலாற்றைத் தேடுவது? கவிதையே இங்கிலாந்தில் தொடங்கவில்லை, ட்ராய் நகரின் வீழ்ச்சியில் தொடங்குகிறது. கிழக்கிலிருந்து ஓடிவந்தவர்களின் வழியில் வந்த ப்ரூட்டஸ் என்பவனே பிரிட்டனை நிறுவினான் என்கிறது. தன் நாட்டின் வேரையே கடல் கடந்து தேடிய மரபு அது. ஆர்தர் கதைகளில் பாலமிடீஸ் என்ற சாரசென், அதாவது இஸ்லாமிய வீரன் உண்டு. டச்சு மொழியின் இடைக்காலக் காவியம் ஒன்றுக்கு மோரியன் என்ற கருநிற வீரனே தலைவன். தேவ் படேலின் முகத்தில் ஒரே சமயம் தெரியும் செருக்கும் கலக்கமும், அவனுக்கு இது சொந்த இடம்தானா என்ற சந்தேகமும் இந்தக் கவெய்னுக்கு அப்படியே பொருந்துகின்றன.

கடினமான எதிர்ப்பு இனிமேல்தான். காத்திருப்பு என்று நான் உயர்த்திப் பேசுவது கடைசியில் வியாபாரம்தானே? ஏ24 அழகான முன்னோட்டங்கள் தயாரிப்பதில் கெட்டிக்கார நிறுவனம். படம் தள்ளிப்போன 2020இல் அது இந்தக் கதையை வைத்து மேசையில் விளையாடும் பாத்திர விளையாட்டு ஒன்றைக்கூட விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆவலை ஆறவிடாமல் வைத்திருக்கும் தந்திரம் அது என்பதை மறுக்க மாட்டேன். அதன் கெடுதலும் தெரிந்தது. முன்னோட்டங்களில் அரக்கர்களையும் எரியும் தலையையும் பார்த்து வந்தவர்கள், இரண்டு மணிநேரத்துக்கும் மேல் நிதானமாக ஒருவன் நடந்து போவதைக் கண்டு திகைத்தார்கள். முதல் நாள் பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் படம் பெற்றது ‘சி பிளஸ்’ மட்டுமே. விமர்சகர்களோ கொண்டாடினார்கள். சுமார் 1.5 கோடி டாலரில் எடுக்கப்பட்டுச் சுமார் 2 கோடி ஈட்டியது. ஏமாந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்குத் தவறான ஒன்று வாக்களிக்கப்பட்டது. ஆனால் விற்பவர் கிளப்பிய பசிக்கும், கதை தெரிந்தவரின் ஆவலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெளிவாகிறது. முன்னது அரக்கரைக் காட்டியதும் தீர்ந்துபோகும். பின்னது, கச்சையைக் கவெய்ன் என்ன செய்யப் போகிறான் என்பதில் கடைசி நொடிவரை நிற்கும். தாமதம் படைப்புக்கே உதவியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படத்தைத் தாமே தொகுத்த லோவரி, கிடைத்த அவகாசத்தில் முன்பு அவசரமாக முடித்திருந்ததைப் பிரித்து மீண்டும் தொகுத்தார். மே 2020இல் வந்திருந்தால் நாம் பார்த்திருக்கக்கூடியது வேறொரு படம்.

முடிவில்தான் லோவரி மூலத்தோடு நேருக்கு நேர் வாதிடுகிறார். கோடரி ஓங்கியதும் படத்தின் கவெய்ன் ஓடிப்போகிறான். ஊர் திரும்பி மன்னனாகிறான். காதலித்தவளிடமிருந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு அவளைக் கைவிடுகிறான். அந்தப் பிள்ளையைப் போரில் இழக்கிறான். மக்கள் வெறுக்க, கோட்டை முற்றுகையில் விழ, இடையில் கட்டிய கச்சையை அவிழ்க்கும்போது தலை தானாக உருள்கிறது. ஏறக்குறைய பேச்சே இல்லாமல் ஓடும் இந்த நீண்ட பகுதி, கோடரியின் கீழ் அவன் மனத்தில் ஓடிய எதிர்காலம் மட்டுமே. அதைக் கண்டபின் அவனே கச்சையை அவிழ்த்துவிட்டு, இப்போது நான் தயார் என்கிறான். பச்சை வீரன் அவனைப் பாராட்டுகிறான், பாதி விளையாட்டாக வெட்டப் போவதாகவும் சொல்கிறான். படம் அங்கே நின்றுவிடுகிறது. கவிதையில் கவெய்ன் கச்சையை வைத்துக்கொண்டதால் பிழை செய்து, பிழைத்து, வெட்கப்பட்டான். படத்தில் அவன் அதை விட்டுவிட்டு நேர்மையாகிறான், பிழைத்தானா என்பது தெரியாது. கவிதை மனிதக் குறையை மன்னித்துச் சிரிக்கிறது. படம் மனிதனிடம் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கேட்கிறது. எனக்குக் கவிதையின் சிரிப்பே பிடித்திருக்கிறது, அதில் கருணை கூடுதல். ஆனாலும் லோவரியின் பதில் மூலத்தை ஆழ்ந்து படித்தவரால் மட்டுமே தரக்கூடியது.

அதனால்தான் படத்துக்கு முன் கவிதையைப் படித்துவிடுவது நல்லது என்பேன். சுவை கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம். 2007இல் வெளியான சைமன் ஆர்மிடேஜின் இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டு மாலைப்பொழுதில் முடியக்கூடியது. டோல்கீன் செய்த மொழிபெயர்ப்பும் அச்சில் இருக்கிறது. படத்தில் கோட்டையின் விருந்து மேசையில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு கிழவி வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். படம் அவளைப் பற்றி ஒரு விளக்கமும் தருவதில்லை. கவிதையைப் படித்தவர் அவள் யாரென்று பார்த்ததுமே ஊகித்துவிடுவார். மந்திரம் செய்யும் காட்சியில் கவெய்னின் தாய் தன் கண்களைக் கட்டிக்கொண்டதும் அப்போது அவர் நினைவுக்கு வரும்.